வேலையிடத்தில் எல்லோரும் ஒதுக்குகிறார்கள்: இது ஆண்டவருக்காகப் படுகிற பாடா, நானே தேடிக்கொண்டதா?

கடுகுவிதை (தொடக்கப் பதிவு)

சகோதர சகோதரிகளே, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதமாக மனதில் கிடந்து உறுத்துகிறது.

நான் இரட்சிக்கப்பட்டு ஆறு வருடம் ஆகிறது. வேலை செய்கிற இடத்தில் எங்கள் பிரிவில் பன்னிரண்டு பேர், ஆரம்பத்தில் எல்லோரோடும் நல்ல பழக்கம். அப்புறம் நான் தினமும் காலையில் வேலைக்கான வாட்ஸ்அப் குழுவில் ஒரு வசனம் போட ஆரம்பித்தேன், சிலருடைய மேசையில் சுவிசேஷக் கைப்பிரதி வைத்தேன், பேச்சில் சின்ன இடைவெளி கிடைத்தாலும் ஆண்டவரைப் பற்றிச் சொல்லிவிடுவேன். மெல்ல மெல்ல ஆட்கள் விலகினார்கள். நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். மேலாளர் கூப்பிட்டு, குழுவில் மத சம்பந்தமாக எதுவும் போட வேண்டாம் என்றார். இதைச் சபையில் சாட்சியாகச் சொன்னேன். எல்லோரும் எழுந்து நின்று எனக்காக ஜெபித்தார்கள். உலகம் உங்களைப் பகைக்கிறதற்கு முன்னே என்னைப் பகைத்தது என்று ஆண்டவர் சொன்ன யோவான் 15-ஆம் அதிகாரத்தை வாசித்தார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

போன மாதம் வேறு பிரிவுக்கு மாறிப்போன ஒருவர், கடைசி நாளில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். எங்களோடு வேலை செய்கிற ஒரு பெண்ணின் அம்மா இறந்துபோய், அவர் திரும்பி வேலைக்கு வந்த முதல் நாள். நான் அவர் மேசைக்குப் போய் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு, "உங்கள் அம்மா இயேசுவை அறிந்திருந்தார்களா?" என்று கேட்டேன். கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் முகம் எப்படி மாறியது என்பது நினைவில் இல்லை, நான் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். "அன்றைக்கு அவர் கழிவறையில் போய் ஒரு மணி நேரம் அழுதார், அதற்கப்புறம்தான் உங்களோடு யாரும் உட்காருவதில்லை, இதை யாராவது உங்களிடம் சொல்லியாக வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேவபக்தியாய் நடக்க மனதாயிருக்கிற யாவரும் துன்பப்படுவார்கள் என்று 2 தீமோத்தேயு 3:12 சொல்கிறது. அந்த வசனத்தை வைத்துத்தான் ஒரு வருடம் ஓட்டினேன். இப்போது அதை எடுத்து வாசிக்கவே கூச்சமாக இருக்கிறது. நமக்கு வருகிற வெறுப்பு எது ஆண்டவருக்காக வந்தது, எது நம்மால் வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய சுவடி

சகோதரரே, வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது 1 பேதுரு. பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்று இன்றைய துருக்கிப் பகுதியில் சிதறிக் கிடந்த சின்னச் சின்னச் சபைகளுக்கு எழுதிய கடிதம். அவர்களுக்கு இருந்த தொந்தரவு பெரும்பாலும் உங்களுடையதைப் போன்றதுதான். கூடச் சுற்றிய ஆட்கள் "இவன் இப்போது நம்மோடு வருவதில்லையே" என்று ஆச்சரியப்பட்டுத் தூஷித்தார்கள் (4:4), பக்கத்தில் இருந்தவர்கள் அவதூறு பேசினார்கள். அதனால் சின்ன விஷயம் பாடு ஆகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிந்தையும் பாடுதான்.

ஆனால் அதே கடிதத்தில் 4:15-ஐப் பாருங்கள். கொலைபாதகனாயாவது, திருடனாயாவது, பொல்லாங்கு செய்தவனாயாவது, "அந்நிய காரியங்களில் தலையிட்டுக் கொண்டவனாயாவது" பாடுபடுகிறவனாயிருக்கக் கூடாது. கொலைகாரனையும் திருடனையும் சொன்ன அதே மூச்சில் அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைக்கிறவனையும் சொல்லியிருக்கிறார். அந்தக் கிரேக்கச் சொல் மிகவும் அரிது, பிறர் காரியத்துக்குத் தன்னையே மேற்பார்வையாளனாக வைத்துக்கொள்கிறவன் என்பது போல வரும். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, இந்த வசனத்தை மட்டும் வைத்து ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

மத்தேயு 5:11-லும் இரண்டு சொற்களை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். "என்னிமித்தம்" என்பது ஒன்று, "பொய்யாய்" என்பது மற்றொன்று. நம்மைப் பற்றிச் சொல்லப்படுவது உண்மையாக இருந்தால் அந்தப் பாக்கியம் நமக்குரியது இல்லை.

அந்தப் "பொய்யாய்" எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஏறக்குறைய கி.பி. 112-இல் அதே பித்தினியாவில் ரோம ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் நம் கையில் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் என்று பிடித்துக்கொண்டு வந்தவர்களை விசாரித்து எழுதுகிறார்: குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாக வைத்துப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், கொள்ளையடிக்க மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், வாக்குத் தவற மாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டோம் என்று ஆணையிட்டுக்கொள்கிறார்கள். இவ்வளவுதானா என்று சந்தேகப்பட்டு, சபையில் பணிவிடை செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் பார்த்திருக்கிறார். அளவுமீறிய மூடநம்பிக்கை தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை என்று அவரே எழுதுகிறார். அந்த இரண்டு பேருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. மேசை மேசையாகத் தோண்டிப் பார்த்தாலும் நம்மிடம் அப்படித்தான் ஒன்றும் கிடைக்காதா என்று நான் என்னையே கேட்டுக்கொள்வதுண்டு.

எக்காளம்

எல்லோரும் மன்னியுங்கள், எனக்கு இந்தப் போக்கு சரியாகப் படவில்லை. இப்படியே போனால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சிலுவை யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று பவுல் சொல்லியிருக்கிறார். யாருக்கும் உறுத்தாத சுவிசேஷம் என்று ஒன்று கிடையாது. "எல்லா மனுஷரும் உங்களைக்குறித்துப் புகழ்ச்சியாய்ப் பேசும்போது உங்களுக்கு ஐயோ" என்று லூக்கா 6:26-இல் ஆண்டவரே சொல்கிறார். கடுகுவிதை, உங்கள் கேள்வி நேரம் தவறியதாக இருக்கலாம், ஆனால் அந்த ஆத்துமாவைப் பற்றிய பாரத்தினால் கேட்டீர்கள். பாரமே இல்லாதவர்கள் யாரையும் புண்படுத்துவதில்லை, ஏனென்றால் அவர்கள் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. நான் பத்து வருடம் வாயை மூடிக்கொண்டு "நல்ல பையன்" என்று பெயர் வாங்கினேன். அந்தப் பத்து வருடத்தில் என்னோடு வேலை செய்த ஒரு நண்பர் இறந்துபோனார். நான் யாரை விசுவாசிக்கிறேன் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. அந்த வலியோடுதான் இதை எழுதுகிறேன்.

கிணற்றடி

எக்காளம் தம்பி, உங்கள் நண்பரைப் பற்றி எழுதியதைப் படித்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தப் பாரத்தை ஆண்டவர் அறிவார். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அந்தப் பெண்ணின் அம்மா ஏற்கெனவே இறந்துவிட்டார். அந்த நேரத்தில் அந்தக் கேள்வி யாருடைய ஆத்துமாவுக்கு உதவியிருக்கும்? லாசரு இறந்து அவன் சகோதரி அழுதபோது ஆண்டவரும் கண்ணீர் விட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறவரே முதலில் அழுதார்.

அப்போஸ்தலர் 2:47-ஐயும் வாசியுங்கள். ஆதிச் சபை ஜனங்கள் எல்லாரிடத்திலும் தயவு பெற்றிருந்தது என்று இருக்கிறது. ஏழாம் அதிகாரம் முடிவதற்குள் ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றுவிடுகிறார்கள். தயவு கிடைத்ததும் அந்தச் சபைக்குத்தான், கல்லடி கிடைத்ததும் அந்தச் சபைக்குத்தான். ஆகவே ஆள் ஒதுக்குகிறார்களா, கொண்டாடுகிறார்களா என்பதை வைத்து நாம் ஆண்டவருக்குள் இருக்கிறோமா என்று அளக்கவே முடியாது.

காலையில் குழுவில் போடுகிற வசனத்தைப் பற்றி: நீதிமொழிகள் 27:14. அதிகாலையில் எழுந்து உரத்த சத்தமாய்ச் சிநேகிதனுக்குச் சொல்கிற ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படுமாம். வேதத்திலேயே இருக்கிறது!

கடுகுவிதை தம்பி, ஒரே ஒரு கேள்வி. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?

ஈரமண்

இதுவரை எழுதியதையெல்லாம் இரண்டு தடவை படித்தேன். கோபமாக எழுதக்கூடாது என்று ஒரு நாள் கழித்து எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வது கடுகுவிதை அண்ணாவுக்குச் சரி. ஆனால் பாடு என்ற பேச்சு வந்தவுடனே "நீ என்ன செய்தாய்" என்று கேட்கிற பழக்கம் சபையில் வந்துவிட்டால் என்னைப் போன்றவர்கள் எங்கே போவது? நான் யார் மேசையிலும் எதையும் வைக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் ஞானஸ்நானம் எடுத்தேன், அதை வீட்டில் மறைக்காமல் சொன்னேன், அவ்வளவுதான். அப்பா மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காவது வாரம் வேலை முடிந்து வந்தபோது என் பை கதவுக்கு வெளியே இருந்தது. அம்மா துணிகளை மடித்து அடுக்கியிருந்தார், அவசரமாக அள்ளித் திணித்தது போல இல்லை, ஒவ்வொன்றாக நீவி மடித்தது. என் வேதாகமத்தை அடியில், ஒரு போர்வைக்குள் சுற்றி வைத்திருந்தார், அப்பா கண்ணில் பட்டால் எடுத்துப் போட்டுவிடுவார் என்று பயந்து. அம்மா விசுவாசி இல்லை. அந்த மடிப்புகளைப் பிரிக்க மனம் வராமல் ஒரு வாரம் ஒரே உடையைத் துவைத்து உடுத்தினேன்.

அப்போது ஒரு ஊழியர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீ சாந்தமாகப் பேசினாயா, மகளே?" என்பது. இன்னொருவர் "பாக்கியவதி, களிகூரு" என்றார். இரண்டு பேரும் வேத வசனத்தைத்தான் சொன்னார்கள். இரவு எங்கே தூங்குவாய் என்று கேட்டது என்னோடு படித்த ஒரு பெண், அவளும் விசுவாசி இல்லை.

பழைய சுவடி

ஈரமண், நீங்கள் எழுதியது எனக்குத் தேவையாக இருந்தது. நான் 4:15-ஐ எழுதிவிட்டு 4:16-ஐ எழுதாமல் விட்டேன். ஒருவன் கிறிஸ்தவனாயிருப்பதினால் பாடுபட்டால் வெட்கப்படாமலிருக்கக்கடவன். அது உங்களுக்கு எழுதப்பட்டது. என்ன தப்பு செய்தேன் என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

203-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட பெர்பெத்துவாவுக்கும் ஏறக்குறைய உங்கள் வயதுதான், இருபத்திரண்டு, கைக்குழந்தை வேறு. சிறையில் அவர் கைப்பட எழுதிய குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் மிருகங்களை விட அதிகமாக வருவது அவருடைய தகப்பன். விசுவாசியில்லாத தகப்பன், தன் நரைமயிரைப் பார்த்து இரங்கச் சொல்லி மகள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறார். விசாரணையில் ஆளுநர் அந்தக் கிழவரைக் கோலால் அடிக்கச் சொன்னபோது, தன்னையே அடித்தது போல வலித்தது என்று பெர்பெத்துவா எழுதுகிறார். விசுவாசத்தில் உறுதியாக நின்ற அதே பெண். வீட்டாருக்காக வலிப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது உங்களிடம் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வெளியிலிருந்து

நான் கிறிஸ்தவன் இல்லை, கடவுள் நம்பிக்கையே இல்லாதவன். என் மனைவி விசுவாசி என்பதால் இதையெல்லாம் படிக்கிற வழக்கம். எழுதலாமா என்று தெரியவில்லை, தவறாக இருந்தால் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நான் பழகிய விசுவாசிகளில் இரண்டு பேரிடம் எனக்கு ஒட்டவே ஒட்டாது. ஒருவரிடம் நான் பேசும்போதெல்லாம், என்னைக் கேட்கிறாரா, அவர் சொல்ல வேண்டியதற்கு இடம் தேடுகிறாரா என்ற சந்தேகம் வரும். என் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்கூட அது அவருக்கு ஒரு சந்தர்ப்பமாகிவிடும். அவர் மேல் எனக்கு வந்த எரிச்சலை அவர் "உலகத்தின் பகை" என்று எடுத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

இரண்டாவது ஆள் வேறு மாதிரி. வேலையிடத்தில் ஒரு கணக்கில் தேதியை மாற்றி எழுதச் சொன்னார்கள், எல்லோரும் எழுதினோம், அவர் மட்டும் முடியாது என்றார். சத்தம் போடவில்லை, எங்களுக்குப் புத்தி சொல்லவுமில்லை. அவர் மேல் எங்களுக்கு வந்த கோபம் முதல் ஆள் மேல் வந்ததைவிடப் பல மடங்கு அதிகம், ஏனென்றால் அவர் பக்கத்தில் நின்றால் நாங்கள் என்ன செய்தோம் என்று தெரிந்தது. அந்த வருடம் அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. நானும் அவருக்காக வாயைத் திறக்கவில்லை. உங்கள் வேதத்தில் சொல்வது இதுதானா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவரை ஏன் வெறுத்தோம் என்று எனக்குத் தெரியும்.

எக்காளம்

ஐயா, தவறே இல்லை, தயவுசெய்து தொடர்ந்து எழுதுங்கள். நான் ஒரு வாரம் வாதாடினாலும் இதை இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். நான் பேசாமல் இருந்த பத்து வருடத்தில் அந்த இரண்டாவது ஆளாகவும் நான் இருக்கவில்லை. வாயையும் மூடிக்கொண்டு தேதியையும் மாற்றி எழுதினேன்.

தோமாவின் விரல்

வேறு ஒரு சந்தேகம். உண்மையாகவே விசுவாசத்துக்காகத் துன்பம் வந்தால் சும்மா வாங்கிக்கொள்ள வேண்டுமா? வழக்குப் போடுவது, புகார் கொடுப்பது, ஊரை விட்டுப் போய்விடுவது எல்லாம் விசுவாசக் குறைவா? எங்கள் சபையில் இதைப் பற்றி இரண்டு கட்சி.

பழைய சுவடி

இல்லவே இல்லை. ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று மத்தேயு 10:23-இல் ஆண்டவரே சொல்கிறார். பிலிப்பியில் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் சத்தமில்லாமல் விடுதலை செய்யப் பார்த்தபோது, ரோமரான எங்களை விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்தார்கள், அவர்களே வந்து வெளியே அழைத்துவிடட்டும் என்று பவுல் நின்றார். எருசலேமில் சாட்டையால் அடிக்கக் கட்டியபோதும் குடியுரிமையைச் சொன்னார், கடைசியில் இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, அபயமிட்டார். சட்டம் கொடுக்கிற பாதுகாப்பைக் கேட்பதில் பவுலுக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

கார்த்தேஜ் சபையின் கண்காணியான சிப்ரியான் 250-இல் தேசியு பேரரசரின் காலத்தில் ஒளிந்துகொண்டார், கோழை என்று பேச்சும் வாங்கினார். 258-இல் அவரே தலை வெட்டப்பட்டு இறந்தார். தேசியு எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டளையிட்ட காலம் அந்த 250-ஆம் ஆண்டு. அப்படிப்பட்ட சான்றிதழ்கள் எகிப்தில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. பயந்துபோய் வாங்கியவர்கள் ஏராளம். பிறகு அழுதுகொண்டு சபைக்குத் திரும்பி வந்தார்கள், அவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பெரிய சண்டை. மனந்திரும்பியவர்களுக்குக் கதவை மூடக்கூடாது என்ற பக்கம்தான் கடைசியில் நின்றது. விழுந்தவர்களை இன்றைக்கு நாம் பேசுகிற பேச்சை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சிமிர்னா சபையின் கண்காணி போலிகார்ப் எரிக்கப்பட்ட கதை நமக்குத் தெரியும், எண்பத்தாறு வருடம் கிறிஸ்துவைச் சேவித்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை என்று சொன்னவர். பிடிக்க வந்த ஆட்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். அதே நிகழ்ச்சியைச் சொல்கிற பழைய கடிதத்தில் குவிண்டஸ் என்று ஒருவரும் வருகிறார். தானாகவே முன்னால் போய் நின்று, மற்றவர்களையும் நிற்கத் தூண்டியவர். மிருகங்களைப் பார்த்ததும் பயந்து பலியிட்டுவிட்டார். ஆகவே தாங்களாகப் போய் ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் மெச்சுவதில்லை என்று அந்தச் சபையே எழுதி வைத்திருக்கிறது. இரத்தசாட்சி என்ற சொல்லில் சாட்சி இருக்கிறது, அதைத் தேடிப் போகச் சொல்லி எங்கேயும் இல்லை.

ஈரமண்

பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டார் என்பது இப்போதுதான் எனக்குத் தெரியும்.

கிணற்றடி

அப்படி இன்னொருவர் இருக்கிறார், ஈரமண். நெதர்லாந்தில் டர்க் வில்லெம்ஸ். 1569. பெரியவனான பிறகு மறுபடி ஞானஸ்நானம் எடுத்ததற்காகப் பிடித்து வைத்திருந்தார்கள், தப்பி ஓடினார். உறைந்துபோன நீர்மேல் ஓடுகிறார், சிறையில் சரியான சாப்பாடு இல்லாமல் மெலிந்திருந்ததால் பனி தாங்கியது. துரத்தி வந்தவன் காலடியில் பனி உடைந்து தண்ணீரில் விழுந்துவிட்டான். டர்க் திரும்பி வந்து அவனைக் கைகொடுத்துத் தூக்கினார். அங்கேயே அவரைப் பிடித்தார்கள், பிறகு உயிரோடு எரித்தார்கள்.

நான் இதைச் சொல்லும்போது ஒன்றை விடாமல் சொல்வேன்: எரித்தவர்களும் கிறிஸ்தவர்கள். உங்களைக் கொலை செய்கிறவன் தேவனுக்குத் தொண்டு செய்கிறதாக நினைப்பான் என்று யோவான் 16:2-இல் ஆண்டவர் சொன்னதை நாம் எப்போதும் அடி வாங்குகிற இடத்திலிருந்தே வாசிக்கிறோம். அடிக்கிற இடத்தில் நம் ஆட்களும் நின்றிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மூத்த மருமகள் விசுவாசத்தை விட்டுவிட்டாள். அவளை நாங்கள் ஆறு மாதம் எந்த விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை, "அவளே திருந்தி வரட்டும்" என்று நான்தான் சொன்னேன். ஈரமண்ணுடைய பையைப் பற்றிப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நேற்று அவளுக்கு நானே போன் செய்தேன்.

தோமாவின் விரல்

ஈரமண், கேட்கலாமா தெரியவில்லை. அம்மாவோடு இப்போது பேச்சு உண்டா?

ஈரமண்

உண்டு. அப்பா குளிக்கப் போகிற நேரத்தில் கூப்பிடுவார், நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். ஜெபத்தைப் பற்றியோ சபையைப் பற்றியோ அவர் கேட்டால் ஒழிய நான் பேசுவதில்லை. போன வாரம் அவராகக் கேட்டார், "ஞாயிற்றுக்கிழமை போகிறாயா?" என்று. போகிறேன் என்றேன். "சரி, ராத்திரி தனியாகத் திரும்பி வராதே" என்றார்.

எல்லோரும் எனக்காக ஜெபிக்கும்போது அப்பாவின் பெயரில் கோபமாக எதுவும் ஜெபிக்க வேண்டாம். அவர் எதையோ காப்பாற்ற நினைத்துத்தான் செய்தார். அது என்னை வெளியே தள்ளியது, அது சரியில்லைதான். சரியில்லை என்று நான் அவரிடமும் சொல்லியிருக்கிறேன், கடிதத்தில்.

கடுகுவிதை

இத்தனை நாளும் படித்துக்கொண்டே இருந்தேன், எழுதக் கை வரவில்லை. கிணற்றடி அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் எழுதக்கூடாது என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணிடம் பேசினேன். மேசைக்குப் போகவில்லை, ஐந்து நிமிடம் பேச முடியுமா என்று முதலில் கேட்டுவிட்டு, அவர் சொன்ன நேரத்தில் போனேன். நான் கேட்டது தவறு, உங்கள் துக்கத்தில் அதைக் கேட்டேன், அதற்கு எந்தச் சாக்கும் இல்லை என்றேன். ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாய் வரை வந்தது, எக்காளம் சகோதரரே, உண்மையாகவே வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவர் அழவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அன்றைக்கு அதைக் கேட்டபோது என் அம்மாவின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன்.

பெயரைச் சொன்னார். என்ன வேலை செய்தார், எப்படிச் சிரிப்பார் என்றும் இரண்டு மூன்று வார்த்தை சொன்னார். ஐந்து நிமிடம் என்றது இருபது நிமிடம் ஆகிவிட்டது. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன்.